பிரைஸ் துரையின் பெயர்ச்சொற்கள்

கமலவேணி வேலை கேட்டுப் போன முதல் நாளே பிரைஸ் துரைக்கும் அவளுக்கும் ஆகாமல் போயிற்று.

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் இரண்டு மாமரங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பலகை வீடு. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற துரை அதை வாடகைக்கு எடுத்திருந்தார். வருகிற ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் கப்பலேறிவிட வேண்டும், அதற்கும் முன்னால் ஒரு புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இருபத்தாறு வருஷம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார். ஆனால் அதை அவர் வாத்தியார்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுகிற பெரட்டுக்களத்தில், கங்காணிகளின் வாயிலிருந்து கற்றுக்கொண்டார். அந்தத் தமிழில் 'நீங்கள்' என்ற சொல் கிடையாது.

"நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"காஜா பெராங்" என்று கமலவேணி ஆங்கிலத்தில் சொன்னாள். "இங்கிருந்து எட்டு வீடு தள்ளி."

"அது கேக்கலை. உன் அப்பன் எந்தத் தோட்டம்?"

"டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்பீர்கள் என்று நினைத்து வந்தேன்."

துரை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு வக்கீல் ஆபீசில் ஆறு வருஷம் வேலை பார்த்து, அந்த வக்கீல் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் வேலையில்லாமல் இருந்தாள். துரை ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்த எழுத்துகள் ஆங்கில எழுத்துகள் போலத்தான் இருந்தன; ஆனால் சிலவற்றுக்கு வால் முளைத்திருந்தது, சிலவற்றின் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு, சிலவற்றின் தலையில் ஒரு புள்ளி. கமலவேணி உட்கார்ந்து அடித்தாள். மெஷினில் இல்லாத வாலையும் கோட்டையும் பேனாவால் போட்டாள். ஒரு பிழை இல்லை. துரைக்கு வேறு வழியில்லை, சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அவர் தமிழில் ஏவுவார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கடைசி நாள் வரை இருவரும் இதை விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தகம் இரண்டு மொழிகளின் பெயர்ச்சொற்களைப் பற்றியது. ஒன்று வெல்ஷ், இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டுக்காரரான துரையின் தாய்மொழி. மற்றது போலிஷ். இரண்டும் அண்டை வீட்டுக்காரன் விழுங்கப் பார்த்தும் அவன் வயிற்றில் செரிக்காமல் நின்ற மொழிகள் என்பார் துரை. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, வந்த பிறகு அது எப்படியெல்லாம் உருமாறியது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அலமாரி நிறைய அட்டைகள்.

போலிஷ் சொற்களைக் கொடுத்தவள் ஹலினா என்ற போலந்துக்கார விதவை. ஈயம் தோண்டியெடுக்கும் மிதவைக் கப்பலில் எஞ்சினியராக இருந்த கணவனோடு மலாயாவுக்கு வந்தவள். கணவன் காய்ச்சலில் இறந்துபோக, புக்கிட் பாருவில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள் பெச்சா என்கிற மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்குவாள். வந்து கால் மணி நேரத்துக்குள் சண்டை தொடங்கிவிடும்.

"சர்க்கரைக்கு உங்கள் சொல் ஜெர்மன்காரனிடமிருந்து வாங்கியது" என்பார் துரை ஆங்கிலத்தில், அட்டையைத் தட்டிக்கொண்டே.

"உங்கள் சொல் இங்கிலீஷ்காரனிடமிருந்து வாங்கியது. வீட்டையும் அவனுக்கு விட்டுக்கொடுத்து, சர்க்கரையையும் அவனிடமே வாங்கினீர்கள்."

"நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை."

"வெல்ஷ் என்றாலே அந்நியன் என்று அர்த்தம். உங்கள் ஊரிலேயே உங்களை அந்நியன் என்று அவன் கூப்பிட்டான். நீங்களும் என்ன என்று கேட்டுத் திரும்பிப் பார்த்தீர்கள். நாங்கள் ஜெர்மன்காரனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ஊமை. எங்கள் மொழி பேசத் தெரியாத ஊமை."

துரை அட்டையை மேசை மேல் அறைவார். ஹலினா சிகரெட்டைப் பற்றவைப்பாள். சர்க்கரை இரண்டு பேருக்குமே நம் பக்கத்திலிருந்துதான் ஊர் ஊராகப் போயிருக்கும் என்று கமலவேணிக்குத் தோன்றும். சொல்லமாட்டாள். இருவரும் தங்களுக்குள் பாம்பும் கீரியும். ஆனால் அவள் வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு அவள் பக்கம் திரும்பும் என்று இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துகொண்டிருந்தாள். ஹலினா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "அந்தப் பெண்" என்பாள், அவள் எதிரிலேயே.

ஆனாலும் மாதங்கள் போகப் போக, விரல் அடித்த சொற்கள் மனத்தில் தங்க ஆரம்பித்தன. வெல்ஷ் மொழியில் பெயர்ச்சொல்லின் முதல் எழுத்தே மாறும். என் அப்பா என்றால் ஒரு எழுத்து, உன் அப்பா என்றால் வேறு, அவளுடைய அப்பா என்றால் இன்னொன்று. அதைவிட விசித்திரம், அங்கே சில பெயர்களில் கூட்டம்தான் முதலில். 'அதார்' என்றால் பறவைகள். ஒரே ஒரு பறவையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சொல்லுக்கு வால் ஒட்டி 'அதெரின்' என்று நீட்ட வேண்டும்.

போலிஷில் பெயருக்கு ஏழு வேற்றுமை. கூப்பிடுவதற்கென்றே ஒரு வடிவம். இதையெல்லாம் அடித்தபோது அவளுக்குப் புதிதாகப் படவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்ததுதான். பன்மைக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆண்கள் பலர் வந்தால் ஒரு வடிவம், ஒரு வினை. மற்ற எது வந்தாலும், பறவைகளோ கற்களோ பெண்களோ, வேறு வடிவம், வேறு வினை.

அன்றைக்கு மட்டும் தன்னை மறந்து பேசிவிட்டாள். "தமிழிலும் இது இருக்கிறது. உயர்திணை, அஃறிணை. மனிதர்கள் வந்தார்கள், மாடுகள் வந்தன. ஆனால் நாங்கள் பெண்களை மாடுகளோடு சேர்ப்பதில்லை."

ஹலினா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். துரையோ பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"உன்னை யாரு கேட்டா? வேலையைப் பாரு" என்றார்.

அடுத்த வாரம் முன்னுரையின் கையெழுத்துப் பிரதியை அவளிடம் கொடுத்தார். எட்டாம் பக்கத்தில் அவள் சொன்னதெல்லாம் இருந்தது. உயர்திணை, அஃறிணை, மாடுகள்கூட இருந்தன. "தோட்டங்களில் நான் கழித்த இருபத்தாறு ஆண்டுகளில் கவனித்தது" என்று எழுதியிருந்தார். கமலவேணி அதைப் படித்தாள். பிறகு ஒரு பிழை இல்லாமல் அடித்து, மற்ற தாள்களோடு அடுக்கி வைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த மௌனத்துக்காக அவள் பின்னால் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அன்று எடுத்துக்கொண்ட பகுதி இழிவுப் பன்மை.

"ஒருவனை அவமானப்படுத்த எங்கள் மொழியில் வசைச்சொல் வேண்டாம்" என்று ஹலினா துரையிடம் விளக்கினாள். "அவன் பெயரின் வாலை மாற்றினால் போதும். ஆண்களுக்குரிய பன்மையிலிருந்து இறக்கி, பறவைக்கும் கல்லுக்கும் உரிய பன்மையில் போட்டுவிட வேண்டும். சொல் அதே சொல்தான். கேட்பவனுக்குச் சுருக்கென்று இருக்கும்."

"உதாரணம்?"

"எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எந்தத் தொழில்காரனையும்."

துரைக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. அவர் முகமே மலர்ந்துபோயிற்று. "கூலி. உங்கள் மொழியில் 'குலிஸ்' இருக்கிறதே. தமிழிலிருந்து வந்த சொல். மூலமும் ஆயிற்று, வடிவமும் ஆயிற்று. ஒரே அட்டையில் இரண்டு வேலை."

ஹலினா தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொடுத்தாள். மரியாதையாகச் சொன்னால் 'சி குலிஷி', அந்தக் கூலிகள். இழிவாகச் சொன்னால் 'தே குலிஸி', அந்தக் கூலிகள் என்கிற அதுகள். அடியில் துரை தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "மலாயாத் தோட்டங்களில் எந்த நாள் காலையிலும் பெரட்டுக்களத்தில் கேட்கக்கூடிய தொனி இதுவே. 'கூலி' என்பது தமிழில் இழிந்த வேலையாள்."

அட்டை கமலவேணியிடம் வந்தது. பாதி அடித்தாள். கை நின்றுவிட்டது.

"இந்த உதாரணத்தை மாற்ற வேண்டும்" என்றாள்.

"என்ன?"

"வேறு எந்தப் பெயரும் பொருந்தும் என்று மேடமே சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் என்று போடுங்கள். அதுவும் தொழில்தானே."

துரையின் கழுத்து சிவந்தது. "வாயை மூடிட்டு அடி."

"மூலமும் தவறு. தமிழில் கூலி என்பது ஆள் இல்லை. வேலைக்குக் கொடுப்பதுதான் கூலி. வாங்குகிறவனுக்கு வேறு பெயர் உண்டு. வாங்கியதையே அவனுக்குப் பெயராக வைத்தவர்கள் வேறு ஆட்கள்."

"இருபத்தாறு வருஷம் உங்க ஆளுங்களோட இருந்தவன் நான். எனக்குத் தமிழ் சொல்லித் தர்றியா?"

ஹலினா குறுக்கே வந்தாள். சலிப்போடு, பெச்சாவுக்கு நேரமாகிறது என்கிற மாதிரி. "இது இலக்கணம், பெண்ணே. இதில் யாரையும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீ எதற்கு உன் மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறாய்?"

கமலவேணி அவள் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நாள் விரலில் கிடந்த சொற்கள் எல்லாம் அப்போது நாக்குக்கு வந்தன.

"இலக்கணம்தானே? சரி. 'ப்தாக்' என்றால் பறவை. பறவைகள் என்றால் 'ப்தாக்கி'. நான்தான் அந்த அட்டையை அடித்தேன். உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் என்றால் 'போலாக்'. பலர் என்றால் மரியாதையாக 'போலாத்ஸி'. அதுவும் நான் அடித்ததுதான். அப்படியானால் இந்த விதிப்படி..." ஒரு வினாடி நிறுத்தினாள். "தே போலாக்கி. சரியாகச் சொன்னேனா, மேடம்?"

ஹலினாவின் கையிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"யார் சொல்லிக்கொடுத்தார்கள் உனக்கு?"

"நீங்கள்தான். உங்கள் பறவை அட்டை."

பிறகு ஹலினா மிகத் தாழ்ந்த குரலில் பேசினாள். "சண்டைக் காலத்தில் என்னை ஜெர்மன்காரன் செங்கல் சூளை வேலைக்குக் கொண்டுபோனபோது சட்டையில் ஓர் எழுத்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னான். போலந்துக்காரி என்று அடையாளம் காட்ட 'P' என்ற எழுத்து. மூன்று வருஷம் போட்டிருந்தேன். நீ ஊசியே இல்லாமல் தைத்துவிட்டாய்." கைப்பையை எடுத்துக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

சொல்லியிருக்கக்கூடாது என்று கமலவேணியின் மனம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்று நெஞ்சு கல்லாக நின்றது. அதற்குள் துரை எழுந்துவிட்டார்.

"வெளியே போ. இனிமே இந்தப் படியில கால் வைக்காதே."

அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் அண்ணன் கணேசமூர்த்தி நடந்ததைக் கேட்டுவிட்டு எரிந்து விழுந்தான். அவன் பொதுப்பணி இலாகாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சுதந்திரம் வந்தால் யார் வேலை நிற்கும், யார் வேலை போகும் என்று தெரியாத நேரம்.

"கூலின்னு எழுதினா எழுதிட்டுப் போறான். ஒனக்கு என்னா வந்துச்சு? அப்பா என்னா ஆபீசுல கணக்கெழுதுற கிராணியா? கூலிதானே?"

"அப்பா கூலி வாங்கினாரு. அவரு கூலி இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒனக்கு ஒண்ணு. எனக்கு இல்ல."

"வெள்ளைக்காரன் வீட்டுல போயி சட்டம் பேசிட்டு வந்திருக்கே. நாளைக்கு எவன் ஒனக்கு வேலை குடுப்பான்? மலாக்கா என்னா அவ்ளோ பெரிய ஊரா?"

அம்மா பூங்காவனம் கதவோரம் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் கித்தா என்கிற ரப்பர் மரம் சீவியவள். அவள் வாய் திறந்தாலே அதிசயம். அன்று திறந்தாள்.

"சப்பான்காரன் சியாமுக்கு ரயில் ரோட்டு போட ஆளு புடிச்சான்ல, அப்ப நம்ம தோட்டத்துலேருந்து நாப்பது பேரு. சண்டை முடிஞ்சு நான் ஆபீசுல போயி கேட்டேன், எங்க வீட்டுக்காரரு எங்கன்னு. கிராணி புஸ்தகத்தைத் தொறந்து காட்டுனான். 'கூலி நாப்பது'ன்னு எழுதியிருந்துச்சு. திரும்பினது ஆறு. பேரு ஒண்ணும் இல்ல. நான் சொன்னேன், நல்லையான்னு ஒருத்தரு இருந்தாருய்யா, பாருன்னு. பேரெல்லாம் எழுத மாட்டோம்மா, கணக்குதான்னான்." கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "அவளை விடு, கணேசு."

கணேசமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை.

வியாழக்கிழமை துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அலமாரிச் சாவியை அவள் திருடிக்கொண்டு போய்விட்டதாகவும், மறுநாள் மாலைக்குள் வராவிட்டால் போலீசுக்கு எழுதிக்கொடுக்கப் போவதாகவும் இருந்தது. கமலவேணி கைப்பையைக் கொட்டிப் பார்த்தாள். சீப்புக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவில் சாவி இருந்தது. தினமும் அலமாரியைத் திறந்து, வேண்டிய அட்டைகளை எடுத்துக்கொண்டு உடனே பூட்டுவது அவள் வேலை. பதற்றத்தில் கூடவே வந்துவிட்டிருக்கிறது.

கணேசமூர்த்தி கடிதத்தை வாங்கிப் படித்தான். திருட்டு என்ற சொல்லை இரண்டு தரம் படித்தான். "நானும் வர்றேன்" என்றான்.

"நீ வெளிய நில்லு. உள்ள நான் போறேன்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் படியேறியபோது உள்ளே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஹலினா அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். துரை அவளுக்கும் அலமாரிக்கும் நடுவில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சொற்களைக் கொடுத்துவிடுங்கள்."

"அட்டை என்னுடையது. மை என்னுடையது. புத்தகம் என்னுடையது. நீ சம்பளத்துக்கு வந்து பேசினாய், அவ்வளவுதான்."

"இரண்டு வருஷம்! என் அம்மா பேசிய ஒவ்வொரு சொல்லையும் உங்களுக்குக் கொடுத்தேன்."

வாசலில் நிழல் விழுந்ததும் இருவரும் திரும்பினார்கள். கமலவேணி சாவியைக் கையில் வைத்திருந்தாள்.

"இங்கே கொண்டா" என்று துரை கையை நீட்டினார்.

"என்னிடம் கொடு" என்று ஹலினாவும் நீட்டினாள்.

கமலவேணி இருவரையும் கடந்து போய்த் தானே அலமாரியைத் திறந்தாள். மேல் தட்டிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி மேசை மேல் வைத்தாள். பொருள் வாரியாக, வெல்ஷும் போலிஷும் கலந்து அடுக்கிய அட்டைகள்; அடுக்கியவளும் அவள்தான். அவள் எடுத்து எடுத்து இரண்டு குவியலாகப் போட்டாள். பறவை இங்கே, பறவை அங்கே. பாலம், பாலம். ரொட்டி, ரொட்டி.

"நிறுத்து" என்றார் துரை. "போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கள். சாவி இதோ, மேசை மேல் இருக்கிறது. ஓர் அட்டையும் நான் கொண்டு போகப் போவதில்லை. வெளியே என் அண்ணன் நிற்கிறார், அவரும் சாட்சி. மேடம் எழுதியது அவர்களுக்கு, நீங்கள் எழுதியது உங்களுக்கு. இதில் திருட்டு எங்கே?"

துரை முன்னால் வந்து ஒரு குவியலைக் கையால் தள்ளினார். அட்டைகள் தரையெங்கும் சிதறின. ஹலினா உடனே மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். சிதறியதில் அவருடையதும் பாதி என்று அப்புறம்தான் துரைக்கு உறைத்திருக்க வேண்டும். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டபடி தரையில் ஊர்ந்தார்கள். கமலவேணி நின்றுகொண்டே மிச்சத்தைப் பிரித்தாள்.

முன்னுரையின் தட்டச்சுப் பிரதி கைக்கு வந்தது. எட்டாம் பக்கத்தை எடுத்துத் துரையின் முன்னால் நீட்டினாள்.

"இது நான் சொன்னது."

"பொய்" என்றார் துரை, தரையிலிருந்தே. "தமிழ் இலக்கணம் உன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

"இல்லை. ஆனால் இந்த ஒப்புமையை நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இந்த அறையில், பிப்ரவரி மாதம்."

"யாரு நம்புவா?"

"நான் அப்போது இருந்தேன்" என்றாள் ஹலினா. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அவள் சொன்னாள். 'வேலையைப் பார்' என்றீர்கள். மறுவாரம் உங்கள் கையெழுத்தில் இருந்தது. உங்கள் புத்தகம் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அங்கே நான் இதை எழுதி அனுப்புவேன்." பிறகு கமலவேணியைப் பார்த்தாள். கண்ணில் கொஞ்சமும் கனிவில்லை. "உனக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த ஆளுக்கு எதிராகச் சொல்கிறேன்."

"நினைக்கவில்லை" என்றாள் கமலவேணி.

துரை அவள் கையிலிருந்து எட்டாம் பக்கத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "போதுமா? அந்தப் பத்தி இல்லாமலும் என் புத்தகம் நிக்கும்."

"நிற்கட்டும்."

டைப் மெஷினுக்குப் பக்கத்தில், திங்கட்கிழமை விட்டபடியே கிடந்தது குலிஸ் அட்டை. கமலவேணி அதை எடுத்து, எந்தக் குவியலிலும் போடாமல் கையில் வைத்திருந்தாள். ஹலினா எழுந்து வந்து அதை அவள் விரல்களிலிருந்து வாங்கினாள்.

"இந்தச் சொல் எங்கள் மொழியில் இருக்கிறது. அதை என்னால் பிடுங்கி எறிய முடியாது."

"எறியச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாக எழுதுங்கள்."

ஹலினா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். துரை சேர்த்திருந்த வரியை ஒரே கோட்டில் அடித்தாள். "சொல்."

"தமிழ். கூலி. செய்த வேலைக்குக் கொடுக்கப்படுவது." கமலவேணி நிறுத்திச் சொன்னாள், டைப் அடிக்கிறவளுக்குச் சொல்வது போல. "ஆளைக் குறிக்க வந்தது பிறகு. பிறர் வாயில்."

ஹலினா எழுதினாள். அடுத்து இழிவுப் பன்மை இருந்த வரிக்கு வந்தாள். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'தே குலிஸி'யை அடித்துவிட்டு, 'உதாரணம்: போலாக் அட்டையில் காண்க' என்று எழுதினாள். போலாக் அட்டையைத் தேடி எடுத்து, அதன் அடியில், வால் எல்லாம் சரியாகப் போட்டு, 'தே போலாக்கி' என்று நிதானமாக எழுதி முடித்தாள்.

"இதற்கு உதாரணம் வேண்டும் என்றால் எங்களுடையதே இருக்கட்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

கமலவேணிக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. திங்கட்கிழமை சொன்னதற்கு வருத்தம் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். ஹலினாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். இவளுடைய வருத்தத்தை ஹலினா வாங்கிக்கொள்ள மாட்டாள். கொடுத்தாலும் திருப்பி எறிவாள்.

துரை நாற்காலியில் உட்கார்ந்து, தன் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரம் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. முதல் தடவையாக அவளிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"பாதிப் புத்தகம் போய்விட்டது. இது உனக்குத் தெரிகிறதா? ஒன்பது வருஷ வேலை. ஓர் உதாரணத்துக்காக."

"தெரிகிறது" என்றாள் அவள். இப்போது அவள் தமிழில் சொன்னாள். "நீங்க அன்னைக்கே மாத்தியிருந்தா போயிருக்காது."

அவர் மறுபடி அட்டைகளின் ஓரத்தைத் தட்டத் தொடங்கினார்.

ஹலினாவின் அட்டைகள் இரண்டு பெட்டி நிறைய. கணேசமூர்த்தி யாரும் கேட்காமலே உள்ளே வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டான். ஹலினா மற்றதை மார்போடு அணைத்துக்கொண்டாள். சாலைக்கு வந்து பெச்சாவுக்காக நின்றார்கள். தலைமுறைகளாகத் தமிழை மறந்துபோன எதிர் வீட்டு மலாக்காச் செட்டிமார் பெண்கள் இரண்டு பேர் வேலியோரம் வந்து, என்ன கலாட்டா என்று மலாயில் விசாரித்தார்கள். ஒன்றுமில்லை, சாமான் ஏற்றுகிறோம் என்று கணேசமூர்த்தி மலாயிலேயே சொல்லி அனுப்பினான்.

பெச்சா வந்தது. பெட்டிகள் ஏறின. ஹலினா ஏறி உட்கார்ந்த பிறகு கமலவேணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் குறுக்குக் கோடுகள் எல்லாம் கோணல். முதல் நாளிலிருந்தே."

"உங்க கையெழுத்து அப்படி, மேடம்" என்றாள் கமலவேணி.

ஹலினா முன்னால் பார்த்துக்கொண்டாள். பெச்சா போய்விட்டது.

"யாரு இந்தம்மா? சண்டைக்காரியா, கூட்டாளியா?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

"சண்டைக்காரிதான்."

பிரைஸ் துரை ஜூலைக் கடைசியில் கப்பலேறினார். அவர் புத்தகம் வந்ததா, வந்தால் பாதியாக வந்ததா என்று மலாக்காவில் யாருக்கும் தெரியாது. கமலவேணிக்கு இரண்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. துரை ஊரில் நாலு பேரிடம் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அண்ணன் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஆனால் அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. செப்டம்பரில் அரசாங்க அலுவலகங்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நாற்காலிகளுக்கு ஆள் எடுத்தபோது, பதிவாளர் அலுவலகம் ஒன்றில் அவளைத் தட்டச்சராகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயே இருபத்தேழு வருஷம் இருந்தாள்.

ஹலினா மேலும் மூன்று வருஷம் புக்கிட் பாருவில் இருந்தாள். சில சனிக்கிழமைகளில் பாசாரில் எதிர்ப்பட்டுவிடுவார்கள். ஒருமுறை மீன்காரனிடம் இருவரும் ஒரே மீனுக்குக் கை நீட்டினார்கள். ஹலினா விடவில்லை. கமலவேணியும் விடவில்லை. மீன்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கத்தியை எடுத்து, மீனை நடுவில் வெட்டினான்.